அண்ணல் கேட்ட தணிக்கையாளர்

அண்ணல் அம்பேத்கர் என்றதும் கோட்டு அணிந்து, அரசமைப்புச் சட்டத்தைக் கையில் ஏந்தி நிற்கும் சிலைதான் நம் கண்முன் வருகிறது. அவர் என்ன படித்தார் என்று மாணவர்களிடம் கேட்டால் சட்டம் என்பார்கள். தவறில்லை. ஆனால், சட்டத்துக்கு முன்பே அவர் ஊன்றிப் படித்தது அரசாங்கத்தின் வரவு செலவை.

1891இல் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தவர், பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1915இல் எழுதிய முதுகலை ஆய்வு கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றியது. அடுத்து, 1833 முதல் 1921 வரை மாகாணங்களின் நிதி எப்படி நடந்தது என்று துருவினார். வரி வாங்குவது ஒருவர், செலவழிப்பது இன்னொருவர், பதில் சொல்ல யாருமில்லை என்ற நிலை எப்படி வந்தது என்பதை அதில் காணலாம். அது 1925இல் நூலாக வந்தது.

படிப்பின் நடுவே, 1917இல், உதவித்தொகைக் காலம் முடிந்து பரோடா திரும்பினார். அங்கே பயிற்சி அலுவலராக அவர் அமர்ந்தது கணக்குத் துறைத் தலைவரின் அலுவலகத்தில். நகரில் எந்த விடுதியும் இடம் தராததால், ஒரு பார்சி சத்திரத்தில் வேறு பெயரில் தங்கினார். பதினோராம் நாள் காலை கம்புகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. பொதுப் பூங்காவில் பொழுதைக் கழித்து, இரவு ரயிலில் பம்பாய் போய்ச் சேர்ந்தார். கணக்கு பார்க்கத் தகுதியுள்ளவருக்குத் தலை சாய்க்க இடமில்லை! நாம் மறக்கக் கூடாத இடம் இது.

இனி 1949 மே 30. அரசமைப்பு அவையில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. சட்டமன்றம் ஒதுக்கிய பணம் ஒதுக்கிய காரியத்துக்கே செலவானதா என்று பார்ப்பவர் இவர். ஊர்த் திருவிழாவில் செலவு செய்தவரே கணக்கும் சரிபார்த்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். அதனால்தான், இந்தப் பதவியை அரசமைப்பிலேயே மிக முக்கியமான பதவியாக அண்ணல் கருதினார். நீதித் துறையின் பணியைவிட இவர் பணி பெரியது. நீதிபதிகளைவிடவும் கூடுதல் சுதந்திரம் இவருக்கு வேண்டும் என்று வாதிட்டார்.

அவர் சுட்டிய குறை ஒன்றுதான். உச்ச நீதிமன்றம் தன் ஊழியரைத் தானே நியமிக்கலாம். தணிக்கையாளருக்கு அந்த அதிகாரம் இல்லை. அரசு நியமித்து, அரசே ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடிய ஊழியர்களை வைத்துக்கொண்டு அரசின் கணக்கையே தணிக்கை செய்வது எப்படி? அவை இணங்கவில்லை. வரைவுக் குழுவின் தலைவராக இருந்தும் அப்போதைக்கு அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் தன் மனக்குறையை அவைக் குறிப்பில் பதியவைத்தார்.

சம்பளத்தைக் குறைக்கக் கூடாது, உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில் அன்றி நீக்கக் கூடாது, ஓய்வுக்குப் பின் வேறு அரசுப் பதவி கூடாது என்ற காப்புகள் 148ஆம் பிரிவில் இடம்பெற்றன. கடமைகளை நாடாளுமன்றம் சட்டம் இயற்றி வகுக்கட்டும் என்றது 149ஆம் பிரிவு. அந்தச் சட்டம் 1971இல்தான் வந்தது. அண்ணல் 1956 டிசம்பர் 6இல் மறைந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1976இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, மத்திய அரசின் கணக்கு எழுதும் வேலையைத் தணிக்கையாளரிடமிருந்து பிரித்தார்கள். நல்ல திருத்தம், எழுதுபவரும் சரிபார்ப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. அரசு மானியம் பெறும் நிறுவனங்களும் இச்சட்டத்தின்கீழ் வருகின்றன. ஆனால் மானியமோ கடனோ 25 லட்ச ரூபாய்க்குக் குறையாமலும், நிறுவனத்தின் மொத்தச் செலவில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருந்தால்தான் தணிக்கை கட்டாயம். நம் மக்களின் பெயரால் மானியம் வாங்கும் சிறு அமைப்புகள் பல இந்த வரம்புக்கு வெளியே நிற்கக்கூடும். சட்டத் திருத்தம் பற்றிப் பேசுவோர் இந்த வரம்பையும் பேச வேண்டும்.

ஊழியர் விவகாரமோ 148ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவில் இருக்கிறது. தணிக்கைத் துறை ஊழியரின் பணி விதிகளைத் தணிக்கையாளரைக் கலந்துகொண்டு குடியரசுத் தலைவர் வகுப்பார் என்று அது சொல்கிறது. அண்ணல் கேட்டது கலந்தாலோசனை அல்ல, அதிகாரம்.