சொல்லே நாணயமாக இருந்தவர்

தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம். ஐதர் அலியின் படை கர்நாடகப் பகுதியைச் சூறையாடிக்கொண்டிருந்த 1780-களின் தொடக்கம் அது. காலைதோறும் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. காவல் நின்ற சிப்பாய்கள் பசியால் நின்ற இடத்திலேயே சரிந்தனர். ஆயினும், நெல் இல்லாத பஞ்சமன்று அது. சுற்றுப்புற ஊர்களில் நெல் இருந்தது. அதைக் கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்க்கத்தான் மாடுகள் கிடைக்கவில்லை. முன்னொரு முறை நெல் சுமந்து வந்த ஏழைகளுக்குச் சேர வேண்டிய கூலியைத் துபாஷிகள் விழுங்கிவிட்டனர். ஆகவே, இம்முறை குடியானவர்கள் தங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு எட்டாத இடத்துக்குப் போய்விட்டார்கள்.

மன்னர் துளஜா எவ்வளவோ வாக்குறுதி கொடுத்துப் பார்த்தார், எவரும் நம்பவில்லை. கம்பெனி அதிகாரிகள் சொன்னதையும் நம்பவில்லை. தமக்கும் கம்பெனிக்கும் ஊரில் மதிப்புப் போய்விட்டதை ஒப்புக்கொண்ட மன்னர், கடைசியில் ஒரு வெற்றுத்தாளைப் பாதிரியார் ஒருவரிடம் அனுப்பினார். குடிகளோடு என்ன உடன்பாடு வேண்டுமானாலும் அதில் எழுதிக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். பாதிரியார் சுற்றூர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். கூலியைத் தம் கையாலேயே தருவதாகவும், எதிரியிடம் பறிபோகும் மாட்டுக்கும் விலை தருவதாகவும் உறுதி கூறினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்துசேர்ந்தன. அவருடைய உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்துச் சென்று, 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் சேர்த்தனர். எல்லாம் முடிந்தபின் பாதிரியார் அவரவர் கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து, சிறு அன்பளிப்பும் தந்து வழியனுப்பினார்.

அவர் பெயர் கிறிஸ்தியான் பிரீடரிக் சுவார்ட்ஸ். ‘சுவார்ட்ஸ் ஐயர்’ என்று தஞ்சை, திருச்சி, நெல்லை வட்டாரக் கிறிஸ்தவர்கள் இன்றும் சொல்லும் அதே மனிதர்.

பொருளாதார வரலாற்றை வகுப்பில் நடத்திய காலத்தில், பணம் என்பது யாது என்ற கேள்வி வரும்போதெல்லாம் இந்த நிகழ்ச்சியை நான் சொல்வதுண்டு. தமிழில் ‘நாணயம்’ என்ற ஒரே சொல் கைக்காசையும் குறிக்கிறது. மனிதனின் நேர்மையையும் குறிக்கிறது. மன்னரின் முத்திரையும் கம்பெனியின் பீரங்கியும் செலாவணியாகாத ஒரு நாளில், ஒரு கிழப் பாதிரியாரின் கையெழுத்து செலாவணியானது. மாணவர்கள் ரசிப்பார்கள். ஆனால், அந்த நாணயம் எங்கே அச்சடிக்கப்பட்டது என்ற அடுத்த கேள்விக்குப் பொருளாதாரத்தில் விடையில்லை. அதற்கு அவருடைய வாழ்க்கைக்குள்தான் போக வேண்டும்.

பிரஷ்யாவின் சோனன்பர்க் என்ற சிற்றூரில் 1726-இல் பிறந்தவர் சுவார்ட்ஸ். அவ்வூர் இன்று போலந்து எல்லைக்குள் இருக்கிறது. சிறு வயதிலேயே தாயை இழந்தார். மகனை இறைப்பணிக்கு ஒப்படைத்துவிட்டே அந்தத் தாய் கண்மூடினார் என்பது குடும்பத்தில் வழங்கிவந்த செய்தி. 1746-இல் ஹாலே பல்கலைக்கழகம் சென்றார். ஹாலேவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே அங்கு நிறுவிய அநாதை இல்லத்தைச் சுற்றிப் பள்ளிகள், மருந்தகம், அச்சகம், புத்தகக் கடை என ஒரு சிறு நகரமே எழுந்திருந்தது. கோக்கப்பட்ட அச்செழுத்துகளைக் கலைக்காமல் அப்படியே வைத்திருந்து மீண்டும் மீண்டும் அச்சிட்டு, ஏழையும் வாங்கக்கூடிய விலையில் விவிலியத்தை விற்றவர்கள் அவ்வூர்க்காரர்கள். வேதத்தை நாள்தோறும் வாசிப்பதும், கணக்கை நாள்தோறும் எழுதுவதும் அங்கே ஒரே ஒழுங்கின் இரு பகுதிகள். பக்தி என்றால் உணர்ச்சிப் பெருக்கு என்று நினைப்போருக்கு ஹாலே ஒரு வியப்பு.

சென்னையில் பணியாற்றித் திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சே, தமிழ் விவிலியத்தை அச்சிடும் முயற்சியில் அப்போது ஹாலேயில் இருந்தார். அவருக்கு உதவுவதற்காகவே தமிழ் கற்கத் தொடங்கினார் சுவார்ட்ஸ். கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1750 ஜூலையில் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். நான்கு மாதத்தில் தமிழில் முதல் பிரசங்கம். பிற்காலத்தில் மராத்தியும் பாரசீகமும் இந்துஸ்தானியும் போர்த்துகீசியமும் கற்றார். நாற்பத்தெட்டு ஆண்டுகள் இந்த மண்ணில் இருந்தார். தாய்நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. மணம் செய்துகொள்ளவும் இல்லை.

அந்த நாற்பத்தெட்டு ஆண்டுகள் எப்படிப்பட்டவை? ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நவாப் பதவிக்கு ஆளுக்கொருவரை நிறுத்திப் போரிட்டனர். மதுரையில் யூசுப் கான் முற்றுகையிடப்பட்டார். 1773-இல் நவாப் முகமது அலி கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சையைப் பிடித்து மன்னரைச் சிறைவைத்தார். 1776-இல் சென்னை ஆளுநர் பிகட் அதே மன்னருக்கு நாட்டைத் திருப்பிக் கொடுத்தார். சில மாதங்களில் பிகட்டைச் சொந்த ஆலோசனை சபையினரே கைதுசெய்தனர். காவலிலேயே மறுஆண்டு இறந்தார். ஒரே வயலுக்கு ஓராண்டு ஒருவர், மறுஆண்டு வேறொருவர் என்று வரி கேட்டு வந்தால் உழுகிறவன் யாரை நம்புவான்?

பிகட் வீழ்ந்த கதையில் பால் பென்பீல்ட் என்ற கம்பெனி ஊழியர் வருகிறார். நவாபுக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாகத் தஞ்சையின் வரி வருவாயையும், தஞ்சை மக்கள் பலருக்குக் கொடுத்த கடனுக்காக அவர்களின் விளைச்சலையும் கோரியவர் இவர். அவர் கேட்ட தொகை இரண்டு லட்சத்து முப்பதாயிரம் பவுனுக்கும் மேல். சொற்பச் சம்பளக்காரரிடம் இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று ஆளுநர் கேட்டதுதான் வினையாயிற்று. எட்மண்ட் பர்க் 1785-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி ஆற்றிய புகழ்பெற்ற உரை இந்தக் கூட்டத்தாரைப் பற்றியதே. ஆக, ஒரே காலத்தில் ஒரே காவிரிப் படுகையில் இருவர் நெல்லை முன்வைத்து வாக்குக் கொடுத்தனர். ஒருவர் பத்திரம் எழுதி வாங்கினார். மற்றவர் கடிதம் எழுதி அனுப்பினார். பென்பீல்ட் 1810-இல் பாரிஸ் நகரில் வறுமையில் இறந்தார்.

இத்தகைய சூழலில் சுவார்ட்ஸின் அன்றாடம் சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரியாக இருந்தது. திருச்சியில் குடியேறிய பிறகும், 1778-இல் தஞ்சைக்கு மாறிய பிறகும் அது மாறவில்லை. விடியலில் உபதேசியார்களைக் கூட்டி வேதப் பகுதியை வாசித்து, ஜெபித்து, அவர்களை ஊர் ஊராக அனுப்புவார். மாலையில் அவர்கள் திரும்பியதும் யார் என்ன கண்டார்கள் என்று கேட்டறிந்து, மறுபடியும் வேதமும் ஜெபமும். இடையில் பள்ளி, நோயாளிகள், வழக்கோடு வரும் ஊர்க்காரர்கள். தங்குவதற்குச் சிறு அறை. உணவு பெரும்பாலும் சோறும் காய்கறியும். திருச்சிப் படைக்குக் குருவாக இருந்ததற்குக் கம்பெனி ஆண்டுக்கு 100 பவுன் கொடுத்தது. அதில் பாதியைப் பணிக்கே திருப்பினார். மதுரை முற்றுகையில் காயம்பட்டோரைப் பேணியதற்காக நவாப் தந்த 300 வராகன் திருச்சி அநாதைப் பள்ளிக்குப் போயிற்று. பீரங்கிச் சத்தம் கேட்கும் நாளிலும் கேட்காத நாளிலும் அதே மணி, அதே வாசிப்பு. சங்கீதங்களின் பதினைந்தாம் பகுதி, தனக்கு நட்டம் வந்தாலும் கொடுத்த சொல்லை மாற்றாத மனிதனைப் பற்றிப் பேசுகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம், ஆயிரம் மாட்டுக்காரர்களுக்கும் எண்ணிக் கூலி கொடுத்த அந்தக் கையே எனக்கு நினைவுக்கு வருகிறது.

1779-இல் சென்னை ஆளுநர் ரம்போல்ட் அவரை அழைத்து, ஐதர் அலியிடம் இரகசியத் தூது போகச் சொன்னார். சமாதானத்துக்கான பணி என்பதால் இசைந்தார். எவரிடமும் அன்பளிப்பு வாங்கிக் கையைக் கறைப்படுத்திக்கொள்வதில்லை என்று புறப்படுமுன்பே உறுதி செய்துகொண்டார். சீரங்கப்பட்டணத்தில் ஐதர் அவரை மதிப்போடு நடத்தினார். தம் படையிலிருந்த ஜெர்மானியருக்குச் சுவார்ட்ஸ் கூடாரத்தில் ஞாயிறு வழிபாடு நடத்துவதையும் தடுக்கவில்லை. ஆனால், கம்பெனி ஒப்பந்தங்களை மீறியதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். அதே ஆண்டு ஐதரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் பிரெஞ்சுக்காரரின் மாஹேயைக் கம்பெனி பிடித்திருந்தது. கம்பெனி உண்மையாகவே சமாதானம் விரும்பியதா, அல்லது ஒரு நல்ல மனிதரின் முகத்தைத் திரையாக்கிக் காலம் கடத்தியதா? இரண்டாவதே உண்மை என்பது என் கருத்து. தூது தோற்றது. மறுஆண்டு ஜூலையில் ஐதர் கணவாய்கள் வழியே இறங்கினார்; செப்டம்பரில் பொள்ளிலூரில் கம்பெனிப் படை ஒன்று அழிந்தது.

விடைபெறும்போது வழிச்செலவுக்கென ஐதர் 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். மறுத்தால் அவமதிப்பாகும் என்பதால் பெற்றுக்கொண்ட சுவார்ட்ஸ், அதை அப்படியே சென்னையில் ஒப்படைத்தார். அவரே வைத்துக்கொள்ளலாம் என்று அரசு சொன்னதும், தஞ்சையில் ஓர் அநாதைப் பள்ளிக்கு அதை முதலாக்கினார். போர் மூண்ட பிறகு, அந்தப் பாதிரியார் எங்கு சென்றாலும் தடுக்கக் கூடாது என்று ஐதர் தம் அதிகாரிகளுக்கு ஆணையிட்டார். தம்மை ஏமாற்றிய அரசின் தூதரையே எதிரி நம்பினார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சமாதானம் நிலைக்காது என்று உணர்ந்ததாலோ என்னவோ, நெல் மலிவாக இருந்தபோதே சுவார்ட்ஸ் பன்னிரண்டாயிரம் புஷல் அளவுக்கு வாங்கிச் சேமித்திருந்தார். பஞ்ச மாதங்களில் எண்ணற்றோர் அதனால் பிழைத்தனர். நம்பிக்கை உள்ளவன் நாளையைப் பற்றிக் கணக்குப் போடமாட்டான் என்று யாராவது சொன்னால், இந்தக் களஞ்சியத்தைக் காட்டலாம்.

போர் ஓய்ந்தும் தஞ்சை மீளவில்லை. அரண்மனை அதிகாரிகளின் கொடிய வரிவசூலைத் தாங்காமல் 65,000 பேர் நாட்டைவிட்டு வெளியேறினர் என்பது சுவார்ட்ஸ் தரும் கணக்கு. நிலம் தரிசாகக் கிடந்தது. திரும்பி வருமாறு அரசு அழைத்தும் யாரும் அசையவில்லை. மீண்டும் சுவார்ட்ஸைத் தேடி வந்தார்கள். இனிக் கொடுமை நேராது என்று அவர் வாக்களித்ததும், ஒரே நாளில் 7,000 பேர் ஊர் திரும்பினர், மற்றவர்கள் பின்தொடர்ந்தனர். பயிரிடும் பருவம் ஏறக்குறையக் கடந்துவிட்டிருந்தது. அவருக்காக இரவும் பகலும் உழைப்பதாகச் சொல்லி வயலில் இறங்கினார்கள். முந்தைய ஆண்டைவிட விளைச்சல் மிகுந்தது. ஓர் அரசு வரிக் குறைப்பாலும் சலுகையாலும் செய்ய முடியாததை அவருடைய சொல் செய்தது. அவர் கிறிஸ்தவத்துக்கு அழைத்தவர்களில் பெரும்பாலோர் மாறவில்லை; இந்த ஏழாயிரம் பேரும் அவருடைய மதத்தை ஏற்றவர்கள் அல்லர்.

அவரைப் புனிதராக்கிவிடவும் நான் விரும்பவில்லை. கம்பெனியின் நியாயங்களை அளவுக்கு மீறி நம்பினார். ஊர்க்காரர்களுக்கு அவர் கொடுத்த வாக்கு, கம்பெனியின் கால் இம்மண்ணில் ஊன்றவும் உதவியது. சபைக்குள் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கத்தை அவர் ஒழிக்கவில்லை. பின்வந்தோர் அதற்கு விலை கொடுத்தார்கள். மறுபுறம், தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் 1785 வாக்கில் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்க அவர் துணைநின்றார். திருநெல்வேலியிலிருந்து பன்னிரண்டு வயதில் அவர் அழைத்துவந்த சிறுவனே பிற்காலத்தில் வேதநாயக சாஸ்திரியார் என்று தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் நிலைத்தார்.

1787-இல் மரணப் படுக்கையில் இருந்த துளஜா, தாம் தத்தெடுத்த பத்து வயதுச் சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸின் பொறுப்பில் விட விரும்பினார். அரசியல் பொறுப்பைத் தாம் ஏற்பது முறையாகாது என்று சொல்லி, மன்னரின் தம்பி அமர் சிங்கைக் காப்பாளராக்கும்படி பாதிரியார் யோசனை கூறினார். அது தவறான கணிப்பாகிவிட்டது. தத்து செல்லாது என்று பண்டிதர்கள் தீர்ப்பளிக்க, அமர் சிங்கே அரியணை ஏறினார்; சிறுவன் கிட்டத்தட்டச் சிறைப்பட்டான். தம் யோசனையால் விளைந்ததைச் சீராக்க சுவார்ட்ஸ் எஞ்சிய பத்தாண்டுகளையும் செலவிட்டார். கம்பெனிக்கு மனு மேல் மனு எழுதினார். 1793-இல் சரபோஜியைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். தத்து குறித்த தீர்ப்பை மறுபரிசீலனை செய்யவைத்தார்.

அதன் பலனைக் காண அவர் இருக்கவில்லை. 1798 பிப்ரவரி 13-ஆம் நாள், எழுபத்திரண்டாம் வயதில், தாம் இளமையில் கற்ற ஜெர்மன் ஞானப்பாட்டுகளைச் சூழ இருந்தவர்களோடு பாடியபடியே தஞ்சையில் இறந்தார். நான்கு மாதம் கழித்து சரபோஜி மன்னரானார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளப்படுத்திய அந்த அரசர் கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். ஆசிரியரின் கல்லறைக்கு ஆங்கிலத்தில் தாமே செய்யுள் எழுதினார். இலண்டனில் புகழ்பெற்ற சிற்பி ஜான் பிளாக்ஸ்மனிடம் சலவைக்கல் சிற்பம் ஒன்றைச் செய்வித்துத் தஞ்சைக் கோட்டையின் தேவாலயத்தில் வைத்தார். சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய அந்த ஆலயத்தில் அதை இன்றும் காணலாம். படுக்கையில் சாயும் முதியவரின் கையை இளம் சரபோஜி பற்றிக்கொண்டு நிற்கிறார்.