இயற்கையின் கணக்கர் குமரப்பா

சேமித்த பணத்தின் வட்டியை மட்டும் செலவு செய்பவன் வறுமை அடையான். முதலில் கை வைப்பவன் சில காலம் செழிப்பாகத் தோன்றுவான், பின்னர் அழிவான். வீட்டுக்குப் பொருந்தும் இக்கணக்கு மண்ணுக்கும் நீருக்கும் பொருந்தும் என்று உணர்த்திய பேரறிஞர் ஒருவர் நம் மதுரை மாவட்டத்து டி.கல்லுப்பட்டியில் வாழ்ந்தார். அவர்தாம் ஜே.சி.குமரப்பா.

1892 ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சையில், கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பது இளமைப் பெயர். லண்டனில் கணக்குத் தணிக்கைக் கல்வி முடித்து, பம்பாயில் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியை ஆராய்ந்தபோது, இந்தியாவின் வறுமைக்கு அன்னிய ஆட்சியின் வரியும் செலவும் எவ்வாறு காரணமாயின என்பதைக் கண்டார். அந்த ஆராய்ச்சியே அவரைக் காந்தியடிகளிடம் கொண்டு சேர்த்தது.

1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். மேனாட்டு உடையில் சென்ற அவர், மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூற்றுக்கொண்டிருந்த முதியவரே காந்தியடிகள் என்று முதலில் அறியவில்லை. அறிந்ததும் அதே தரையில் தாமும் அமர்ந்தார். அன்று தொடங்கிய தொண்டு இறுதிவரை நின்றதில்லை. குடும்பத்தின் பழம்பெயரான குமரப்பா என்பதையும் தம் பெயராக ஏற்றார்.

குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு மாத்தர் தாலுகாவின் கிராமங்களில் வீடு வீடாக வரவு செலவு ஆராய்ந்தார். 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பொறுப்பை ஏற்று, வார்தாவின் மகன்வாடியில் பணியாற்றினார். கழிவைக் கூட்டெருவாக்குதல், கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், கைக்காகிதம், மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு ஆகியவை அங்கே வளர்ந்தன. சுற்றுச்சூழல் விழிப்புணர்வு என்னும் சொல் வழக்குக்கு வருமுன்பே அந்தப் பாடம் அங்கு நடந்தது.

விடுதலைப் போரில் பன்முறை சிறை சென்றார். ஜபல்பூர் சிறையில் எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல் 1945-இல் காந்தியடிகளின் முன்னுரையுடன் வெளிவந்தது. நிலக்கரியும் பெட்ரோலியமும் எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. ஓடும் நீரும் வளரும் மரமும் ஆண்டுதோறும் வரும் வரவு. வரவுக்குள் வாழ்ந்தால் பகைமை இல்லை; இருப்புக்குப் போட்டியிட்டால் போர் மூளும் என்பது அவர் கருத்து.

விடுதலைக்குப் பின் நாடு பெருந்தொழில் வழியே சென்றது. அவர் தலைமையில் அமைந்த காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழுவின் 1949-ஆம் ஆண்டு அறிக்கையும் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. இரசாயன உரத்தையும் டிராக்டரையும் அவர் எதிர்த்தது பலருக்குப் பிடிக்கவில்லை. பசித்த நாட்டிற்கு உடனே சோறு வேண்டாமா என்று கேட்டவர்களும் நல்லெண்ணம் கொண்டவர்களே. ஆயினும் மாடு உழுவதோடு எருவும் தரும். இயந்திரம் தராது என்னும் அவர் கணக்கை இன்று களர்பட்ட வயல்கள் நினைவூட்டுகின்றன.

உடல் நலிந்த நிலையில் கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தை வந்தடைந்தார். அவர் குடிலில் காந்தியடிகள் படத்துடன் ஓர் ஏழை உழவனின் படமும் இருந்தது என்பர். முன்னவர் தம் ஆசான், பின்னவர் ஆசானுக்கும் ஆசான் என்பது அவர் தந்த விளக்கம். 1960 ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், சென்னையில் காலமானார்.

நம் வாடிப்பட்டி வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். 1895 முதல் பெரியாறு நீர் வைகையில் கலந்து, பேரணையில் பிரிந்து, கால்வாய் வழியே நம் வயல்களுக்கு வருகிறது. அது வரவு. ஆழ்துளைக் கிணறுகளில் நாம் உறிஞ்சுவது, மழை ஈடு செய்யும் அளவைத் தாண்டும்போது, இருப்பு. கண்மாய் தூர்ந்தால் வரவு குறையும். அப்போது இருப்பில்தான் கை வைப்போம்.

மாணவ நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும்போது அறிவுரையை மட்டும் சுமந்து செல்ல வேண்டாம். மாத்தர் தாலுகா மாணவர்களைப் போல ஒரு குறிப்பேட்டையும் கொண்டு செல்வோம். ஊரில் கிணறு எத்தனை, நீர்மட்டம் எவ்வளவு, குப்பை எங்கே போகிறது, கண்மாய்க்கு நீர் வரும் வாய்க்கால் திறந்துள்ளதா என்று மக்களைக் கேட்டு எழுதுவோம். பிறகு அந்தக் கணக்கை ஊர்ப் பொதுவிடத்தில் அவர்களிடமே படித்துக் காட்டுவோம். குமரப்பாவுக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவே.