பாப்பாவுக்குப் பாடிய பத்திரிகையாசிரியர்

பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளைப் பார்த்து வியந்திருக்கிறோம். சிதம்பரத்திலிருந்து பேருந்தேறிக் கடலூருக்குப் பலமுறை போய் வந்திருக்கிறோம். அந்தக் கடலூரிலே, 1918-ஆம் ஆண்டு இறுதியில், மகாகவி பாரதியார் மூன்று வாரங்களுக்கு மேல் சிறையிலிருந்தார் என்பது நம் மாணவியருள் எத்தனை பேருக்குத் தெரியும்? சின்னஞ்சிறு வகுப்பிலே நாம் கைதட்டிப் பாடிய பாப்பாப் பாட்டை எழுதிய அதே பாரதியார்தாம்! அவரைச் சிறை வரை கொண்டு சென்றது அவர் நடத்திய பத்திரிகை.

எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11-ஆம் நாள் பிறந்தவர் அவர். ஐந்து வயதிலேயே தாயை இழந்தார். காசியில் பயின்று திரும்பி, மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். 1904 இறுதியில் சென்னை 'சுதேசமித்திரன்' நாளிதழில் ஜி. சுப்பிரமணிய ஐயரிடம் உதவியாசிரியராகச் சேர்ந்தார். ஆங்கிலத்தில் வரும் செய்திகளை அன்றாடம் தமிழாக்க வேண்டும். அதுவும் சாதாரண மக்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும். பிற்காலத்தில் குழந்தைகளுக்கு எழுதிய எளிய தமிழுக்கு அவர் பழகிக்கொண்டது இங்கேதான் என்று நமக்குத் தோன்றுகிறது. 1905-இல் 'சக்கரவர்த்தினி' என்னும் மாதர் இதழுக்கு ஆசிரியரானார். 1906-இல் 'இந்தியா' வார இதழ் தொடங்கியது. வானொலியும் தொலைக்காட்சியும் இல்லாத அந்நாளில், கேலிச் சித்திரங்களை அச்சிட்டு, எழுத்தறியாதவருக்கும் அரசியலை விளக்கியது அவ்விதழ்.

ஆட்சியாளர் பொறுப்பார்களா? 1908-இல் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். 'இந்தியா'வும் அங்கிருந்தே வெளிவந்தது. ஆனால் ஆங்கிலேயர் தம் எல்லைக்குள் அதை நுழைய விடவில்லை. 1910-இல் இதழ் நின்றது. எழுதுவதையே மூச்சாகக் கொண்டவருக்கு வாசகர்களே இல்லாமற் போனார்கள். வீட்டிலோ வறுமை, மனைவி செல்லம்மாள், தங்கம்மாள், சகுந்தலா என்ற இரு பெண்மக்கள்.

அந்த ஆண்டுகளில்தான் அவர் குழந்தைகளின் பக்கம் திரும்பினார். ஔவையார் வழியில் 'புதிய ஆத்திசூடி' எழுதினார். பழைய ஆத்திசூடி அறம் செய்வதிலே தொடங்குகிறது. பாரதியாரோ பயத்தை விட்டொழிப்பதையே முதற்பாடத்துள் வைத்தார். அதன் காப்புச் செய்யுளைக் கன்னியர்கள் நமக்குச் சொல்லித் தந்தபோது வியந்தோம். பல சமயத்தாரும் வணங்கும் பரம்பொருள் ஒன்றே என்று கூறும் அவ்விடத்தில், இயேசுவின் தந்தையும் இடம் பெற்றிருக்கிறார். சிறுவர் நூல் ஒன்றில் இது!

'பாப்பாப் பாட்டு' இன்னும் சிறியது. பதினாறு பாடல்கள் கொண்ட இதைப் பரலி சு. நெல்லையப்பர் 1917-இல் சிறு நூலாக வெளியிட்டார். குருவி, கோழி, காகம், பசு, நாய் எல்லாம் குழந்தைக்குத் தோழமையாக வருகின்றன. காலையில் படிப்பு, பின்பு பாட்டு, மாலையில் விளையாட்டு என்று நாளையே பகுத்துத் தருகிறார். (விளையாட்டை அவர் மறக்கவில்லை என்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டுகிறோம்!) பொய்யும் புறங்கூறலும் கூடாதென்கிறார். கொடியவரைக் கண்டால் அஞ்சி ஒதுங்கச் சொல்லவில்லை, எதிர்த்து நிற்கச் சொல்கிறார். சாதி வேற்றுமையைக் கடிந்து பேசுகிறார். 'இந்தியா'வின் பத்திகளில் பெரியவர்களுக்குச் சொல்ல முடியாமற் போனவற்றுள் பலவற்றை இங்கே மழலைக்குச் சொல்லிவிட்டார். இதை மட்டும் எந்த அதிகாரியும் தடுக்கவில்லை.

பத்தாண்டு கழித்து, 1918 நவம்பர் 20-ஆம் நாள் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். எல்லை கடந்ததும் கைது செய்யப்பட்டுக் கடலூரில் அடைக்கப்பட்டார். நண்பர்களும் பெரியோர் சிலரும் முயன்றதால் டிசம்பரில் விடுதலையானார். எனினும் கட்டுப்பாடுகள் தொடர்ந்தன. 1920-இல் அவை நீங்கியபின் மீண்டும் 'சுதேசமித்திர'னுக்கே வந்தார். தம் நூல்களை நாற்பது தொகுதிகளாக, ஒவ்வொன்றும் பதினாயிரம் பிரதிகள் அச்சிட்டு, வீடுதோறும் சேர்க்கத் திட்டமிட்டார். பணம் சேரவில்லை. 1921 செப்டம்பர் 11-ஆம் நாள் நள்ளிரவு கடந்து உயிர் நீத்தார். அப்போது வயது முப்பத்தெட்டே.

1949-இல் சென்னை மாகாண அரசு அவர் நூல்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை மக்களுக்கே பொதுவாயின. இன்று பாப்பாப் பாட்டை அச்சிட நம் பள்ளி மலர் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.