கைகூப்பி நிற்கும் மன்னர்

திருமலைக் கோயிலில் மகாத்துவாரம் தாண்டியதும் வலப்பக்க மண்டபத்தில் மூன்று செப்புச் சிலைகள் கைகூப்பி நிற்கின்றன. வரிசை நெரிசலில் நம்மவர் பலர் பாராமலே போய்விடுகின்றனர். நடுவில் நிற்பவர் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர். இருபுறமும் தேவியர் திருமலாதேவியும் சின்னாதேவியும்.

துளுவ மரபில் வந்த நரச நாயக்கருக்கும் நாகலாதேவிக்கும் பிறந்தவர் அவர். திருப்பதியிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னை செல்லும் பாதையிலுள்ள நாகலாபுரம், அந்தத் தாயின் பெயரால் ஏற்பட்ட ஊர் என்று இங்கு வழிவழியாகச் சொல்கிறார்கள்.

1509ல் பட்டமேறினார். அதற்கொரு கதை உண்டு. அண்ணன் வீரநரசிம்மர் தன் மகனுக்கே பட்டம் கிடைக்க வேண்டித் தம்பியின் கண்களைப் பிடுங்க உத்தரவிட்டாராம். மந்திரி திம்மரசு ஆட்டுக் கண்களைக் காட்டித் தம்பியைக் காப்பாற்றினாராம். நடந்ததோ இல்லையோ, திம்மரசுவை அப்பாஜி என்றே மன்னர் அழைத்து வந்தார்.

1520 வாக்கில் தலைநகர் ஹம்பிக்கு வந்த பயஸ் என்ற போர்த்துகீசியர் மன்னரை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். நடுத்தர உயரம், முகத்தில் அம்மைத் தழும்பு. விடியுமுன் நல்லெண்ணெய் குடித்து, உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, வியர்க்க வியர்க்கத் தேகப்பயிற்சி செய்து, மல்யுத்தமும் முடித்துக் குதிரையேறுவாராம்.

ஏறக்குறைய அதே நாட்களில் கடலுக்கு அப்பால் மெக்சிகோவில் இன்னொரு பேரரசு அழிந்துகொண்டிருந்தது. அது அஸ்டெக் மக்களுடையது. ஏரி நடுவே மாநகரம் கட்டி வாழ்ந்த அவர்கள் குதிரையையே கண்டதில்லை. 1519ல் ஸ்பெயின் தளபதி கார்ட்டெஸ் 16 குதிரைகளுடனும் துப்பாக்கிகளுடனும் வந்திறங்கினார். மறு ஆண்டு மன்னர் மாண்டெசூமா மாண்டார். அவருக்குப் பின் வந்தவரை, வெள்ளையரோடு வந்த அம்மை நோய் கொண்டுபோயிற்று. 1521 ஆகஸ்டில் நகரமே வீழ்ந்தது.

இங்கே நிலைமை வேறு. 1510ல் கோவாவைப் பிடித்த போர்த்துகீசியரிடம் ராயர் விலை கொடுத்துக் குதிரை வாங்கினார். 1520ல் ராய்ச்சூர்க் கோட்டையைப் பிடித்தபோது அவர்களுடைய துப்பாக்கி வீரர் சிலரும் அவர் பக்கம் நின்று சுட்டனர்.

1513 முதல் ஏழு முறை திருமலை வந்தார். உதயகிரி வெற்றிக்குப் பின் 1514ல் சுவாமிக்கு 30,000 பொற்காசுகளால் கனகாபிஷேகம். 1518ல் விமானத்துக்குப் பொன் வேய்ந்தார். காளஹஸ்தியில் 1516ல் அவர் எழுப்பிய ராஜகோபுரம் 2010ல் இடிந்து விழுந்து, பிறகு புதிதாகக் கட்டப்பட்டது. தெலுங்கில் அவர் பாடிய காவியமான ஆமுக்தமால்யதாவின் நாயகி யார் தெரியுமா? நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள்!

வெளிப்பகையை வென்றவருக்கு வீட்டில் அடி விழுந்தது. சிறுவனான மகன் திருமலராயனுக்கு முடிசூட்டி வைத்தார். பையன் நோயுற்று இறந்தான். திம்மரசுவின் மகன் விஷம் வைத்ததாகப் பேச்சு எழ, ராயர் நம்பிவிட்டார். கண்ணைக் காத்துக் கொடுத்ததாகக் கதை சொல்லும் அதே அப்பாஜியின் கண்கள் பறிக்கப்பட்டன என்று நூனிஸ் என்ற குதிரை வணிகர் குறித்து வைத்துள்ளார்.

1529ல் ராயர் மறைந்தார். சந்திரகிரியில் காவலில் இருந்த தம்பி அச்சுதராயர் பட்டத்துக்கு வந்தார். 1565 போருக்குப் பின் ஹம்பி சூறையாடப்பட்டுப் பாழாயிற்று. திருமலையில் 1517ல் வைத்த செப்புச் சிலைகளுக்குச் சேதமில்லை. யார் யார் என்று தோளிலேயே பெயர் பொறித்திருக்கிறது.