படுக்கையிலும் பேனாவை விடாத கிருபாபாய்



நம்ம மலரில் ஒவ்வொரு முறையும் ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எழுதுவது வழக்கம். இந்த முறை கிருபாபாய் சத்தியநாதன் அவர்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நம்மில் பலர் இந்தப் பேரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் அவர் நடந்த ஊர் நமக்குத் தெரியாத ஊர் இல்லை. மயிலாப்பூரிலிருந்தோ தி.நகரிலிருந்தோ பஸ் ஏறி ஜி.எச்.சுக்குப் போகிறோமே, அந்த வழியில் இருக்கிற சிந்தாதிரிப்பேட்டைதான் அவருக்குச் சென்னையில் முதல் வீடு. சின்னத் தறிகள் இருந்த பேட்டை என்பதால் வந்த பேர் அது. அடையாற்றிலிருந்து வருகிறவர்களுக்கும் சிம்சன் ஸ்டாப்பில் இறங்கினால் கூப்பிடு தூரம்.

அவர் இரண்டு கதைப் புத்தகங்கள் எழுதினார். ஒன்று ‘சகுணா’, ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் கதை. இன்னொன்று ‘கமலா’, ஒரு இந்துப் பெண்ணின் கதை. பக்தி என்பது கும்பிடுவதோடு முடிந்துவிடுமா, இல்லை அதற்கு மேல் ஒரு வேலை இருக்கிறதா என்கிற கேள்வி இரண்டிலும் இருக்கிறது. எந்தச் சாமியைக் கும்பிடுகிற பெண்ணாக இருந்தாலும் அந்தக் கேள்வி நமக்கும் உண்டுதானே!

பதினாலு பிள்ளைகளில் பதிமூணாவது

1862 பிப்ரவரி 14 அன்று, இன்றைய மகாராஷ்டிராவில் இருக்கிற அகமத்நகரில் கிருபாபாய் பிறந்தார். அப்பா ஹரிபந்த், அம்மா ராதாபாய். பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள். அந்தக் காலத்தில் அப்படி மாறினால் சொந்தபந்தம் எல்லாம் அறுந்துபோகும். பதினாலு பிள்ளைகளில் கிருபாபாய் பதிமூணாவது. சின்ன வயசிலேயே அப்பா தவறிவிட்டார். அத்தனை பிள்ளைகளையும் கரையேற்றும் பாரம் அம்மா தலையில்.

வீட்டில் அண்ணன்கள் படிப்பதைப் பார்த்துப் பார்த்தே இந்தப் பெண்ணுக்குப் படிப்பில் ஆசை வந்தது. பெரிய அண்ணன் பாஸ்கர் தங்கையைக் கூட உட்கார வைத்துக்கொண்டு புத்தகங்களைப் பற்றிப் பேசுவார். பொண்ணுக்கு எதுக்கு இதெல்லாம் என்று அவர் நினைக்கவில்லை. அந்த அண்ணனும் சின்ன வயசிலேயே இறந்துபோனார். தங்கை இடிந்துபோய்விட்டாள். பிறகு மிஷன் சகோதரிகள் பொறுப்பில் கொஞ்ச நாள், அப்புறம் பம்பாயில் விடுதிப் பள்ளி.

பம்பாயில் ஒரு அமெரிக்கப் பெண் டாக்டர் பழக்கமானார். நோய் முற்றினாலும் ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட மாட்டோம் என்று வீட்டுக்குள்ளேயே கிடந்த பெண்கள் அப்போது எவ்வளவோ பேர். நாம் டாக்டரானால் அவர்களுக்கு உதவலாமே என்று கிருபாபாய் முடிவு செய்தார். இங்கிலாந்து போய்ப் படிக்க உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால் உடம்பு தாங்காது என்று அனுப்பவில்லை. ஆசை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போயிற்று.

சென்னைக்கு வந்த பதினாறு வயசுப் பெண்

அப்போதுதான் சென்னையில் ஒரு கதவு திறந்திருந்தது. 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. மேரி ஷார்லீப் உட்பட நாலு பெண்கள் முதலில் சேர்ந்தார்கள். மூணு வருஷம் கழித்து, 1878-ல் கிருபாபாய் வந்து சேர்ந்தார். வயசு பதினாறு. தாய்மொழி மராத்தி. ஊரும் புதுசு, பேச்சும் புதுசு.

தங்குவதற்கு இடம் கொடுத்தது சிந்தாதிரிப்பேட்டையில் இருந்த பாதிரியார் டபிள்யூ.டி. சத்தியநாதன் குடும்பம். சீயோன் ஆலயத்தில் ஊழியம் செய்தவர் அவர். அவருடைய மனைவி அன்னா அம்மாளைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்தில் ஊழியம் செய்த ஜான் தேவசகாயம் பாதிரியாரின் மகள். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். வெளியே வர முடியாத பெண்களுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தார். தாய்மார்களுக்காகத் தமிழில் புத்தகமும் எழுதினார். குழு தொடங்கிய நாட்களில் நம்ம அக்காமார்கள் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார்களே, ஏறக்குறைய அந்த வேலைதான். அப்படிப்பட்ட வீட்டில் கிருபாபாய்க்கு இடம் கிடைத்தது.

முதல் வருஷம் பிரமாதமாகப் படித்தார். ஆனால் ஒரே வருஷத்தில் உடம்பு விழுந்துவிட்டது. 1879-ல் படிப்பை விட்டுவிட்டு, பூனாவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனார். டாக்டர் கனவு அதோடு முடிந்தது.

சகோதரிகளே, இந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். இது ஒரு காரியத்துக்காகத்தான் என்னைக் கடவுள் படைத்தார் என்று ஒருத்தி நம்பியிருக்கிறாள். அந்தக் காரியமே இல்லை என்று ஆகிவிட்டது. நம்மில் எத்தனை பேருக்குப் படிப்பு பாதியில் நின்றது! நின்றவுடன், இனி நமக்கு என்ன இருக்கிறது என்றுதானே தோன்றும்?

கையில் இருந்ததை வைத்து

ஒரு வருஷம் கழித்து அவர் சென்னைக்குத் திரும்பி வந்தார். அந்த வீட்டு மகன் சாமுவேல் சத்தியநாதன் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படித்தவர். இருவருக்கும் 1881-ல் திருமணம் நடந்தது. கணவருக்கு ஊட்டியில் பிரீக்ஸ் பள்ளியில் தலைமையாசிரியர் வேலை. கிருபாபாயும் கூடப் போனார். குளிர் காற்றில் உடம்பு கொஞ்சம் தேறியது.

தேறியதும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. மற்றப் பெண்கள் பள்ளிகளிலும் போய்ப் பாடம் எடுத்தார். வைத்தியம்தான் செய்ய முடியவில்லை, படித்த படிப்பைச் சொல்லிக்கொடுக்கலாமே என்று இறங்கிவிட்டார். பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுத ஆரம்பித்ததும் ஊட்டியில்தான். தன் பேரைப் போடாமல், ஓர் இந்தியப் பெண் என்று மட்டும் போட்டுக்கொண்டார். தோடர் மக்களின் மந்துக்குப் போய்வந்ததை எழுதினார். பெண் கல்வி, வீட்டில் பெண்ணின் பங்கு, பிள்ளை வளர்ப்பு என்று நிறைய எழுதினார்.

பிறகு கணவரின் வேலை மாற்றத்தால் 1884-ல் ராஜமுந்திரி, அடுத்துக் கும்பகோணம். ராஜமுந்திரியில் மறுபடியும் உடம்பு படுத்தியது. 1886-ல் நிரந்தரமாகச் சென்னைக்கே வந்துவிட்டார்கள். கணவர் பிற்பாடு கடற்கரையில் இருக்கிற மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார்.

இரண்டு புத்தகங்கள்

சென்னைக்கு வந்த கையோடு ‘சகுணா’வை எழுதினார். 1887, 1888 வருஷங்களில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பத்திரிகையில் தொடராக வந்தது. ஏறக்குறைய அவருடைய சொந்தக் கதைதான். கணவன் மதம் மாறிவிட்டான் என்று தெரிந்து நடுங்கிப்போகும் இளம் தாயைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். மகளாக இருந்தும் அந்த அம்மாவின் பயத்தைக் குறைத்து எழுதவில்லை. தன் மதத்துக்காரர்கள் என்பதற்காக யாரையும் பூசி மெழுகவும் இல்லை. இந்தியர்களைக் கீழாகப் பார்த்த சில வெள்ளைக்காரச் சீமாட்டிகளையும், வெள்ளைக்காரர் மாதிரி உடுத்திக்கொண்டு மிதப்பாகத் திரிந்த நம்மவர்களையும் கதைக்குள் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டார். கிறிஸ்தவளாக இருப்பது என்றால் படிக்க வேண்டும், சொந்தக் காலில் நிற்க வேண்டும், பிறருக்கு உதவ வேண்டும் என்று சகுணா நினைக்கிறாள்.

இடையில்தான் பெரிய அடி விழுந்தது. பிறந்த ஒரே குழந்தை முதல் பிறந்தநாள் வருவதற்குள் இறந்துபோனது. அதற்குப் பிறகு அவர் உடம்பும் மனசும் பழையபடி ஆகவில்லை. பம்பாய் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். தீராத நோய் என்று சொல்லிவிட்டார்கள்.

தெரிந்த பிறகும் சென்னைக்கு வந்து அடுத்த புத்தகத்தை எழுதினார் பாருங்கள், அதுதான் ‘கமலா’. வலி குறைந்த நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினார்.

கமலா மலைக்காட்டில் அப்பாவோடு சுதந்திரமாக வளர்ந்த பெண். சின்ன வயசிலேயே கட்டிக்கொடுக்கிறார்கள். புகுந்த வீட்டில் மாமியார், நாத்தனார் கொடுமை. பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த கணவனும் பிறகு வேறு பெண்ணிடம் மனம் மாறிவிடுகிறான். கடைசியில் காலராவில் இறந்துபோகிறான். குழந்தையும் போய்விடுகிறது. அவளிடம் அன்பு வைத்திருந்த ஒருவர் திருமணம் செய்துகொள்ளலாம் என்று கேட்கிறார். அவள் மனசு தடுமாறினாலும் மறுத்துவிடுகிறாள். தனக்கு வந்த சொத்தை விதவைகளுக்கும் ஏழைகளுக்கும் செலவிட்டு வாழ்கிறாள்.

கமலா மறுத்தது சரியா என்று நாம் சண்டை போடலாம். திருமணம் செய்துகொண்டும் தர்மம் செய்யலாமே என்று நான்கூட நினைத்தேன். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. எழுதியவர் கிறிஸ்தவர். நினைத்திருந்தால் கமலாவைக் கடைசியில் மதம் மாற்றிக் கதையை முடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அவளுடைய பக்தியிலேயே அவள் உயர்ந்து நிற்கட்டும் என்று விட்டுவிட்டார். குழந்தையைப் பறிகொடுத்த தாய் எழுதிய கதையில், குழந்தையைப் பறிகொடுத்த தாய் மறுபடி எழுந்து நடக்கிறாள்.

முப்பத்திரண்டு வயசு

1894 ஆகஸ்ட் 3 அன்று கிருபாபாய் காலமானார். வயசு முப்பத்திரண்டுதான். அவருடைய கதைகள் இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவர் மறைந்த பிறகு தமிழிலும் வந்தன. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1998-ல், ஆக்ஸ்போர்டு பதிப்பகம் இரண்டையும் மறுபடி அச்சிட்டது. ஆங்கிலத்தில் தன் வாழ்க்கையையே நாவலாக எழுதிய முதல் இந்தியப் பெண் என்று அவரை இன்று கல்லூரிகளில் படிக்கிறார்கள். கணவர் சாமுவேலின் இரண்டாவது மனைவி கமலா சத்தியநாதனும் எழுத்தாளர்தான். 1901-ல் இந்தியப் பெண்களுக்காகச் சென்னையிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு பத்திரிகை தொடங்கி நடத்தினார். ஒரு வீட்டில் ஒருத்தி ஏற்றிய விளக்கை அடுத்தவள் அணையவிடவில்லை.

டாக்டராக முடியவில்லை, டீச்சரானார். உடம்பு முடியாமல் பள்ளிக்கூடம் போக முடியவில்லை, எழுத்தாளரானார். ஒவ்வொரு முறையும் கையில் மிச்சம் என்ன இருக்கிறதோ அதை வைத்து அடுத்த பெண்ணுக்கு என்ன செய்யலாம் என்றே பார்த்தார். அவருடைய விசுவாசம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்ம குழுவில் மாசக் கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருத்தரும் அவரவர் சாமியை நினைத்துக்கொள்கிறோம். பிறகு சேமிப்பு, கடன், தீர்மானம் என்று நோட்டை எடுக்கிறோம். இரண்டும் வேறு வேறு என்று நினைக்க வேண்டாம், சகோதரிகளே. கடன் கட்ட முடியாமல் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கு என்ன வழி என்று யோசிக்கிற நேரமும் பிரார்த்தனைதான். அடுத்த முறை சிந்தாதிரிப்பேட்டை வழியாக ஜி.எச்.சுக்குப் போகும்போது, அந்தத் தெருக்களில் நடந்த பதினாறு வயசுப் பெண்ணை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து உங்கள் மகளிடமும் அவர் கதையைச் சொல்லுங்கள்.