விடுதலைக்குப் பின்னும் ஒரு விடுதலைக் குரல்

நுழையும்முன்

அயலார் ஆட்சி அகன்றவுடன் குடிமக்களின் விடுதலை முழுமை பெற்றுவிடுமா? மக்களே தேர்ந்தெடுத்த அரசு, அவர்தம் நிலத்திலும் தொழிலிலும் எவ்வளவு தலையிடலாம்? நாட்டின் உயர் பதவிகள் பலவற்றை வகித்தபின், எண்பது வயது கடந்த நிலையில் இவ்வினாக்களை எழுப்பிப் புதிய கட்சி ஒன்றையே தோற்றுவித்தவர் மூதறிஞர் இராஜாஜி.

தொரப்பள்ளி முதல் வேதாரண்யம் வரை

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இராஜகோபாலாச்சாரி பிறந்தார். பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். சட்டம் கற்றுச் சேலத்தில் வழக்குரைஞரானார். காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கியபோது, வருவாய் மிக்க அத்தொழிலைத் துறந்தார். 1930இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்திற்குத் தொண்டர்களை நடத்திச் சென்று, உப்பு அள்ளிச் சிறை புகுந்தார். கடல் தரும் உப்பை எடுப்பதற்கும் அரசின் இசைவு வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து நடந்த நடை அது. இசைவு கேட்டு நிற்கும் வாழ்வை வெறுத்த அந்த உள்ளம், பின்னாளில் தம் நாட்டு அரசின்முன்னும் அதே வினாவை எழுப்பியது.

கட்டுப்பாட்டை நீக்கிய முதலமைச்சர்

1948 முதல் 1950 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக இராஜாஜி விளங்கினார். அப்பதவியை வகித்த ஒரே இந்தியர் அவரே. 1952இல் சென்னை மாநில முதலமைச்சரானபோது, உணவுப் பங்கீட்டு முறை அவர்முன் நின்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் புகுந்த அம்முறையின்படி, உழவர் தம் விளைச்சலில் ஒரு பகுதியை அரசு குறித்த விலைக்கு அளிக்க வேண்டும். நெல்லை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு விருப்பம்போல் கொண்டுசெல்ல இயலாது. கட்டுப்பாட்டை நீக்கினால் விலை ஏறும், பஞ்சம் சூழும் எனப் பலர் அஞ்சினர். இராஜாஜியோ, கட்டுப்பாடுதான் தானியத்தைப் பதுக்கச் செய்கிறது எனக் கருதி, பதவியேற்ற சில மாதங்களிலேயே அதனை நீக்கினார். அஞ்சியவாறு பஞ்சம் வரவில்லை. அரசின் கையை விலக்குவதும் ஆட்சித் திறனே என்பதை அவருக்கு உணர்த்திய நிகழ்வு இது.

எண்பது வயதில் ஒரு கட்சி

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரசு, கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றுத் தீர்மானம் இயற்றியது. உழவர் தம் நிலத்தின்மீதுள்ள உரிமையை இழக்க நேரும் என இராஜாஜி கவலையுற்றார். தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் உரிமம். பொருளை இறக்குமதி செய்ய அனுமதி. மூலப்பொருளைப் பெற ஒதுக்கீடு என்றிருந்த நிலையை லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்யம் எனப் பெயரிட்டுக் கண்டித்தார். அனுமதி வழங்கும் அதிகாரம் பெருகுமிடத்தில் கையூட்டும் பெருகும். ஆளுங்கட்சியின் தயவை நாடும் செல்வர் சிலரே வளர்வர். புதியவர் நுழைய இயலாது என்பது அவர் வாதம்.

அவ்வாண்டு சூன் திங்களில் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. என்.ஜி. ரங்கா அதன் தலைவராகவும், மினு மசானி பொதுச்செயலாளராகவும் பொறுப்பேற்றனர். கட்சியின் அடிப்படைக் கொள்கைகளுள் அடங்காத பொருள்களில் உறுப்பினர் தம் மனச்சான்றின்படி பேசவும் வாக்களிக்கவும் உரிமை பெற்றிருந்தனர். விடுதலைப் போரில் உடன் நின்ற நேருவின் கொள்கையை இராஜாஜி எதிர்க்க வேண்டியிருந்தது. 1967 தேர்தலில் 44 இடங்களை வென்ற சுதந்திராக் கட்சி, மக்களவையில் இரண்டாவது பெரிய கட்சியாயிற்று.

மாறுபட்ட கருத்துகள்

இராஜாஜியின் வாழ்வில் முரண்களும் உண்டு. 1937இல் சென்னை மாகாண முதன்மை அமைச்சரானதும் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைச் சட்டத்தால் நிறுவினார். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தோர் பலர் சிறைப்பட்டனர். பிற்காலத்தில் அவரே இந்தித் திணிப்பை உறுதியாக எதிர்த்தார். 1953இல் அவர் கொணர்ந்த தொடக்கக்கல்வித் திட்டம், பிள்ளைகள் பள்ளி நேரம் போகப் பெற்றோரின் தொழிலைக் கற்க வழிசெய்தது. அது குலத்தொழிலிலேயே மக்களைக் கட்டிவைக்கும் எனக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

சுதந்திராக் கட்சி நிலக்கிழார்க்கும் முன்னாள் மன்னர்க்கும் அரணாக நிற்கிறது என்ற குறைகூறலும் எழுந்தது. பிறப்பாலும் வறுமையாலும் பின்தள்ளப்பட்டோர்க்கு அரசின் துணையின்றிச் சம வாய்ப்பு எவ்வாறு கிட்டும் என்று மாற்றுக் கருத்தினர் வினவினர். புறந்தள்ள இயலாத வினா அது.

நிறைவு

1971 தேர்தலில் அக்கட்சி பெருந்தோல்வி கண்டது. 1972 டிசம்பர் 25ஆம் நாள் இராஜாஜி மறைந்தார். இரண்டாண்டுகளில் கட்சியும் வேறொரு கட்சியோடு இணைந்து மறைந்தது. ஆயினும், 1991இல் பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் பெறும் கட்டாயத்தை இந்திய அரசே நீக்கியபோது, அவர் முன்பே எழுதியவற்றைப் பலரும் நினைவுகூர்ந்தனர். அரசின் எல்லை எதுவரை என்னும் வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. அதிகாரத்தின் உச்சியில் அமர்ந்து இறங்கிய ஒருவர், அந்த அதிகாரத்திற்கே எல்லை வேண்டும் என்று முதுமையிலும் ஊர் ஊராகச் சென்று வாதிட்டமை, அவ்வழக்கில் மறுதரப்பில் நிற்போரும் மதிக்கத்தக்க செயலாகும்.