ஹாக்கி வீரர் 'பாபு'

விளையாட்டினால் கீர்த்தி பெற்றோர் பலர். கீர்த்தி பெற்ற பின்னர் அவ்விளையாட்டுக்கே தொண்டு செய்தோர் சிலர். அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர், 'பாபு' என்று ஜனங்கள் அன்புடன் அழைத்த குன்வர் திக்விஜய் சிங்.

லக்னோவுக்கு அடுத்த பாராபங்கியில் 1922-ஆம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி இவர் பிறந்தார். முன்னணியில் வலப்புற உள்ளிடத்தில் நின்று ஆடுபவர். எதிரிகளைத் தம்பால் இழுத்து, தக்க தருணத்தில் பந்தைத் தோழனிடம் சேர்ப்பிப்பதில் இவருக்கு நிகர் சிலரே. தயான் சந்தின் தலைமையில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்ற கோஷ்டியிலும் இவர் இடம் பெற்றார்.

1948-இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. தேசப் பிரிவினையால் நமது ஹாக்கி வீரர்கள் இரு ராஜ்யங்களாகப் பிரிந்துபோயிருந்த காலம் அது. இந்தியா 1928, 1932, 1936 ஆகிய வருஷங்களில் தங்கப் பதக்கம் வென்றபோது, பிரிட்டன் ஒலிம்பிக் ஹாக்கியில் கலந்துகொள்ளவேயில்லை. ஆகவே ஆண்டவரும் ஆளப்பட்டவரும் ஒலிம்பிக் ஹாக்கியில் முதன் முதலாக எதிர்நின்றது ஆகஸ்டு 12-ந் தேதி வெம்ப்ளி மைதானத்திலேதான். கிஷன் லால் தலைவர், பாபு உபதலைவர். இந்தியா 4-0 என்ற கணக்கில் வென்றது. சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவுக்கு மூன்று நாட்களே இருந்தன. இதனினும் சிறந்த காணிக்கையைத் தேசம் எங்ஙனம் எதிர்பார்த்திருக்கக்கூடும்?

1952-இல் ஹெல்ஸிங்கியில் பாபுவே தலைமை வகித்தார். இறுதிப் பந்தயத்தில் ஹாலந்தை 6-1 என்று வென்றனர். ஐந்து கோல்களை பல்பீர் சிங் போட்டார்; எஞ்சிய ஒன்று தலைவருடையது. 1953-இல் ஹெல்ம்ஸ் விருதும், 1958-இல் பத்மஸ்ரீ பட்டமும் இவரை நாடி வந்தன.

இத்துடன் நின்றிருந்தால் இவர் பெயர் பதக்கப் பட்டியலில் ஒரு வரியாகவே தங்கியிருக்கும். உத்தரப் பிரதேச சர்க்காரின் விளையாட்டு இலாகாவைப் பின்னர் ஏற்று நடத்தியதே இவருடைய பெருமைக்கு அடித்தளம். ஏழைச் சிறுவனுக்குத் திறமை இருந்தும் உணவும் உறைவிடமும் பயிற்சியும் இல்லாவிடில் அத்திறமை பாழாகும் என்பதை இவர் உணர்ந்தார். சிறுவர்களைப் பொறுக்கியெடுத்து, விடுதியில் தங்கவைத்து, படிப்பையும் ஆட்டத்தையும் ஒருங்கே கற்பிக்கும் முறையில் உழைத்தார். 1972-இல் ம்யூனிக்கில் வெண்கலம் பெற்ற இந்திய கோஷ்டிக்குப் பயிற்சி அளித்தவரும் இவரே. 1978-ஆம் வருஷம் மார்ச்சு 27-ந் தேதி காலமானார்.

லக்னோவில் இவர் பெயரால் ஒரு மைதானம் விளங்குகிறது. அது தகும். எனினும் விளையாட்டு ஸ்தாபனங்களின் பதவிகளைக் கௌரவத்துக்காக நாடுவோர் மலிந்த நாட்டில், இவருடைய வாழ்க்கை வேறொரு அளவுகோலை நமக்குத் தருகிறது. பதவியில் அமர்ந்தவர் எத்தனை மாலைகள் பெற்றார் என்று பாராமல், எத்தனை ஏழைச் சிறுவர்களை மைதானத்துக்குக் கொணர்ந்தார் என்றே கேட்க வேண்டும். இக்கேள்வியைத் தத்தம் ஊர் விளையாட்டுச் சங்கங்களில் எழுப்புமாறு தேச ஊழியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.